மறு: செல்ஃப்-சைன்ட் சர்டிஃபிகேட்டுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்.

செல்ஃப்-சைன்ட் சர்டிஃபிகேட்டுக்கும் அதோட சேந்து வர்ற சொற்களுக்கும் தமிழ்ல என்ன சொல்லலாம்னு கேட்டதுக்கு வந்த பதில் எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க. சிங்கப்பூர்ல துவாஸ் பக்கம் ஒரு கம்பெனியில ஐடி சப்போர்ட் பாக்குறேன். யார்டுல சூப்பர்வைசரா இருக்குற நம்ம ஆளுங்க பல பேரு ராத்திரி வீட்லேருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியா ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள வந்து ரிப்போர்ட் போடுவாங்க, அவங்க கையில குடுக்கத் தமிழ்ல ஒரு பக்கக் குறிப்பு தயார் பண்ணிட்டிருக்கேன். சர்டிஃபிகேட்ங்குறது ஒரு கம்ப்யூட்டர் தன்னை இன்னார்னு காட்டுற அடையாளச் சீட்டு, அதுல வேற யாரும் உறுதி சொல்லாம அதுவே சைன் போட்டுக்கிட்டா செல்ஃப்-சைன்ட்; இணைக்கும்போது அதனால ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும். இந்தச் சொல் எனக்கு அதுக்குத்தான் வேணும், அகராதில ஏத்துறதெல்லாம் அப்புறம்.

முதல்ல இந்த யோசனை:

> அன்ட்ரஸ்டட் சர்டிஃபிகேட் = நம்பத்தகாத சான்றிதழ்

இதை நான் ஒத்துக்க மாட்டேன். அந்த எச்சரிக்கைப் பெட்டி வரும்போது என்ன சொல்லுதுன்னு நிதானமாப் பாருங்க. மேல ஒரு மஞ்சள் பட்டை, "அந்தக் கம்ப்யூட்டரோட அடையாளத்தைச் சரிபார்க்க முடியல, இருந்தாலும் இணைக்கட்டுமா?"ங்குற மாதிரி ஒரு கேள்வி, அதுக்குக் கீழ நீங்க கேட்ட கம்ப்யூட்டர் பேரு, சர்டிஃபிகேட்ல இருக்குற பேரு, அதுக்கும் கீழ என்ன பிழைங்குறது ஒண்ணு ரெண்டு வரி, கடைசியில "மறுபடி கேக்காதே"ன்னு ஒரு டிக் பெட்டி. சரிபார்க்க முடியலங்குறது வேற, நம்பத்தகாததுங்குறது வேற. நம்பத்தகாததுன்னு நாம எழுதிக் குடுத்துட்டு, அதே குறிப்புல அடுத்த வரியில "பரவால்ல, எஸ் அழுத்துங்க"ன்னும் எழுதினா படிக்கிறவங்க என்ன புரிஞ்சுக்குவாங்க? நம்பத்தகாதது வந்தாலும் எஸ் அழுத்தலாம்னுதான் பழகிக்குவாங்க. அப்புறம் உண்மையிலேயே எவனோ நடுவுல புகுந்து வேற கம்ப்யூட்டரைக் காட்டுற அன்னிக்கும் கை தானா எஸ்ஸுக்குத்தான் போகும். எனக்கு இருக்குற பெரிய கவலை இதுதான்.

இங்க சிங்கப்பூர்ல 2023 ஜனவரி கடைசியிலேருந்து, பதிவு பண்ணாத பேர்ல எஸ்எம்எஸ் வந்தா மேல "லைக்லி ஸ்காம்"னு போட்டு வருதில்ல, அதை எழுதினவங்க யோசிச்சு எழுதியிருக்காங்க. மோசடின்னு தீர்ப்பு சொல்லல, மோசடியா இருக்கலாம்னு தெரிஞ்ச அளவு மட்டும் சொல்றாங்க. நாமளும் அந்த அளவோட நிக்கணும். அதனால என் யோசனை "உறுதிசெய்யப்படாத சான்றிதழ்". பேச்சுல "இன்னும் உறுதியாகாத சான்றிதழ்"னு சொன்னாலும் சரிதான்.

இப்ப முக்கியமான சொல்லுக்கு வரேன், செல்ஃப்-சைன்ட். இதுவரைக்கும் வந்தது மூணு: தன்னொப்பச் சான்றிதழ், தற்சான்றிதழ், சுய கையொப்பமிட்ட சான்றிதழ்.

தற்சான்றிதழ் கேக்க நல்லா இருக்கு, தற்காப்பு, தற்சார்பு, தற்படம்னு வரிசையா வருது, சின்னதாவும் இருக்கு. ஆனா காலேஜ் முடிச்சவங்க எல்லாருக்கும் "தற்காலிகச் சான்றிதழ்" தெரியும், அவசரத்துல படிச்சா அதோட சுருக்கம்னு நெனைப்பாங்க. அதுலயும் ரிமோட் டெஸ்க்டாப் தானா உண்டாக்கிக்கிற சர்டிஃபிகேட்டுக்கு ஆயுசு ஆறு மாசம்தான், அப்ப "தற்காலிகம்"ங்குற தப்பு அர்த்தம் அப்படியே ஒட்டிக்கும், யாராலயும் பிரிக்க முடியாது.

தன்னொப்பம் இலக்கணப்படி சரி, மதுரை நண்பர் குடுத்த விளக்கமும் அருமை. ஆனா "தன்னொப்பாரில்லாத"ன்னு கேட்டுக் கேட்டுப் பழகின காதுக்கு அங்க ஒப்பு, அதாவது நிகருங்குற பொருள்தான் முதல்ல வருது. எங்க சூப்பர்வைசர் அண்ணன் ஒருத்தரு, புதுக்கோட்டைக்காரரு, அவர்கிட்ட இதைக் காகிதத்துல எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு "யாருக்கு ஒப்பு தம்பி?"ன்னாரு. கீழயே "தன்கையொப்பச் சான்றிதழ்"னு எழுதினேன், உடனே "ஓ, அதுவே அதுக்கு சைன் போட்டுக்கிச்சா, வேற யாரும் போடலியா"ன்னாரு. இதுக்கு மேல வெளக்கமே தேவைப்படல. வேற யாரும் போடலங்குறதையும் அவரே சேத்துச் சொன்னாரு பாருங்க, விஷயத்தோட உயிரே அங்கதான் இருக்கு.

சுய கையொப்பமிட்டங்குறதுல எனக்குப் பெருசா மறுப்பு இல்ல, பத்தியில ஓடும், ஆனா தலைப்புலயும் பட்டன்லயும் உக்காராது. அதனால என் ஓட்டு தன்கையொப்பச் சான்றிதழ். எழுத்து கொஞ்சம் கூடுதல்தான், ஆனா ஒவ்வொரு துண்டும் எல்லாருக்கும் தெரிஞ்ச துண்டு.

ஈழத்து ஐயா கேட்டிருந்தார், இந்த எச்சரிக்கை ஏன் திரும்பத் திரும்ப வருது, ஒரு தடவை டிக் பண்ணினா போகாதான்னு. போகும், ஆனா அந்த ஆறு மாசம் வரைக்கும்தான். டிக் பண்ணும்போது நம்ம கம்ப்யூட்டர் அந்தக் குறிப்பிட்ட சர்டிஃபிகேட்டத்தான் ஞாபகம் வச்சுக்குது, அந்தப் பக்கம் அது காலாவதியாகிப் புதுசு உண்டானதும் பழைய ஞாபகம் செல்லாது, மறுபடி கேக்கும். பேருக்குப் பதிலா ஐபி எண்ணைப் போட்டு இணைச்சா பேரு பொருந்தலன்னு தனியா ஒரு வரி வேற வரும், சர்டிஃபிகேட்ல இருக்குறது கம்ப்யூட்டரோட பேருதானே. வீட்டு லேப்டாப்ல தேதி தப்பா இருந்தா நல்ல சர்டிஃபிகேட்டும் காலாவதின்னு காட்டும். இதுக்கெல்லாம் சரியான மருந்து ஆபீஸ்ல ஒரு உள் சான்றகம், அதாவது சர்டிஃபிகேட்டுக்கு சைன் போட்டுக் குடுக்குற சர்டிஃபிகேட் அத்தாரிட்டி, வச்சு, எல்லா கம்ப்யூட்டருக்கும் அதுலேருந்து சர்டிஃபிகேட் குடுத்து, அந்தச் சான்றகத்தை நம்பச் சொல்லி, ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் ஒரே எடத்துலேருந்து அமைப்பை அனுப்புற குரூப் பாலிசில தள்ளிவிடுறதுதான் (கம்பெனி கணக்குல சேராத சொந்த லேப்டாப்புக்குக் கையாலதான் ஏத்தணும்). டிக் பெட்டியை மருந்தாக் குடுக்குறவங்கமேல எனக்குக் கோவமே வருது.

இதனால பிழை வரி ஒவ்வொண்ணுக்கும் தனிச்சொல் வேணுங்குறேன், எல்லாத்தையும் "சான்றிதழ் பிழை"ன்னு ஒரே மூட்டையில கட்டக் கூடாது. "பெயர் பொருந்தவில்லை", "காலாவதியானது", "அறியாத சான்றகம்". நேத்து வரைக்கும் அறியாத சான்றகம்னு மட்டும் வந்த எடத்துல இன்னிக்குப் பெயர் பொருந்தவில்லைன்னு புதுசா ஒரு வரி வந்தா, அந்த சூப்பர்வைசர் நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணணும். சொல் தனித்தனியா இருந்தாத்தான் அந்த வித்தியாசம் கண்ணுல படும்.

காலாவதிங்குற சொல்லுக்கு இனிமே வேலையும் ஜாஸ்தி. வெளி சான்றகங்க குடுக்குற சர்டிஃபிகேட்டோட ஆயுசு 398 நாள் வரைக்கும் இருந்துச்சு, அதை 2026 மார்ச் 15லேருந்து 200 நாள், 2027ல 100, 2029ல 47 நாள்னு குறைக்கிறதா முடிவு பண்ணியிருக்காங்க. வெளியிலேருந்து இணையுறவங்க உள்ள வர்ற வாசலான ஆபீஸ் கேட்வேக்குப் பெரும்பாலும் இந்த வெளி சர்டிஃபிகேட்தான் போடுவாங்க, தானா புதுப்பிக்கிற ஏற்பாடு இல்லாத எடத்துல இந்த எச்சரிக்கை அடிக்கடி வரத்தான் போகுது.

தம்ப்பிரின்டுக்கு, அதாவது ஒரு சர்டிஃபிகேட்டைத் தனியா அடையாளம் காட்டுற 40 எழுத்துக் குறியீட்டுக்கு, "கைநாட்டு"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க. அழகான சொல்தான், ஆனா அதுல படிக்காதவருங்குற குத்தல் இருக்கு, யார்டுல வேலை செய்யிறவங்க கையில குடுக்குற காகிதத்துல அது வேண்டாம். "விரல்ரேகை" போதும். அந்த 40 எழுத்தையும் போன்ல வாசிச்சு ஒப்பிடச் சொல்லும்போது "ரேகையைப் படிங்க"ன்னா புரியுது.

ரொம்பத் தமிழாப் போட்டா யாரு பேசுவாங்கன்னு கேட்ட தம்பிக்கு ஒண்ணு சொல்றேன். இங்க சிங்கப்பூர்ல கணினித் தமிழுக்கு உழைச்ச நா. கோவிந்தசாமி ஐயா "இணையம்"னு சொன்ன காலத்துல இன்டர்நெட்டுங்குறதே பாதிப் பேருக்குத் தெரியாது. 1997ல இங்க கணினித் தமிழுக்கான தமிழ்நெட் மாநாடு நடந்துச்சு, இன்னிக்கு அந்தச் சொல் இல்லாம ஒரு செய்தி வாசிக்க முடியாது. சர்வர், லேப்டாப், பாஸ்வேர்டுனு பேசுறதை நான் தடுக்கல, நானே அப்படித்தான் பேசறேன். ஆனா எச்சரிக்கைன்னு ஒண்ணு வரும்போது அது அவங்கவங்க நெனைக்கிற மொழியில இருக்கணும்.

சான்றகமா, சான்றளிப்பகமாங்குறது மட்டும் எனக்கு இன்னும் முடிவாகல. சான்றகம்னா சான்றிதழ் சேத்து வைக்கிற எடம்னு படுமோன்னு ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை குறிப்பை அச்சுக்குக் குடுக்கணும், அதுக்குள்ள இதைப் பத்தி எழுதுங்க, முடிஞ்சா வேலை எடத்துல ஒருத்தர்கிட்ட ரெண்டு சொல்லையும் வாசிக்கக் குடுத்துட்டு அவங்க என்ன சொன்னாங்கன்னும் சேத்து எழுதுங்க.