ஏ3 ஸ்லாட்டில் ஈசிசி பிழை ஏறிக்கொண்டே போகிறது: ரேமை மட்டும் மாற்றினால் போதுமா?

செக்சம்:
வணக்கம். 2யு ரேக் சர்வர், எல்ஜிஏ3647 சாக்கெட்டில் இரண்டு சிபியு. 24 ரேம் ஸ்லாட்டில் 12-இல் 32 ஜிபி டிடிஆர்4 ஆர்டிம் (சர்வருக்கான ரெஜிஸ்டர் உள்ள ரேம்) இருக்கிறது, மொத்தம் 384 ஜிபி, 2933 வேகம். நான்கு நாளாக பிஎம்சி (சர்வரைத் தனியாகக் கண்காணிக்கும் சிப்) லாக்கில் முதல் சிபியுவின் ஏ3 ஸ்லாட்டுக்கு "திருத்தப்பட்ட ஈசிசி பிழை வரம்பைத் தாண்டியது" என்று வருகிறது (ஈசிசி: ரேம் தரவில் வரும் பிழையைக் கண்டு திருத்தும் வசதி). திருத்த முடியாத பிழை இதுவரை ஒன்றும் இல்லை. சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சனிக்கிழமை 90 நிமிடம் நிறுத்த அனுமதி உண்டு. கையில் வேறு கம்பெனியின் 32 ஜிபி 3200 ஆர்டிம் ஒன்று இருக்கிறது. அதைப் போடலாமா? எந்த வரிசையில் வேலையை முடிப்பது? மாற்றிய பிறகும் பிழை வந்தால் அடுத்து எதைப் பார்ப்பது?

நள்ளிரவுஷிப்ட்:
புதிய ரேமைப் போடுவதற்கு முன் ஏ3-இல் இருப்பதையும் பி3-இல் (இரண்டாவது சிபியுவின் அதே ஸ்லாட்) இருப்பதையும் இடம் மாற்றிப் போடுங்கள். பிழை பி3-க்குப் போனால் ரேம்தான் கெட்டது. ஏ3-இலேயே நின்றால் ஸ்லாட், சேனல் (சிபியுவையும் ரேமையும் இணைக்கும் பாதை), சிபியு இவற்றில் ஒன்று. இதைச் செய்யாமல் ரேமை மாற்றிவிட்டு, ஒரு வாரம் கழித்து அதே லாக்கைப் பார்த்துத் திகைப்பவர்கள்தான் அதிகம்.

இனி கைவேலை. இயங்கும்போதே பிஎம்சி இன்வென்டரியில் ஏ3-இன் சீரியல் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்ததும் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டால் தவறான ரேமைப் பிடுங்கிவிட்டோமோ என்ற சந்தேகம் வராது. லினக்ஸ் காட்டும் மெமரி கன்ட்ரோலர் எண்ணும் போர்டில் அச்சிட்ட ஸ்லாட் பெயரும் பல நேரம் ஒத்துப்போகாது. பிஎம்சி சொல்லும் பெயரை நம்புங்கள்.

சர்வரை நிறுத்தியதும் இரண்டு பவர் கார்டையும் பிடுங்க வேண்டும். ஒன்று செருகியிருந்தாலும் போர்டில் ஸ்டேண்ட்பை மின்சாரம் இருக்கும். அந்த நிலையில் ரேமைச் செருகினால் புதியதும் போய்விடும். கார்டை எடுத்த பின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டின் ஸ்டேண்ட்பை விளக்கு அணைந்த பிறகே உள்ளே கை. மணிக்கட்டுப் பட்டையைச் சேசிஸின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள்.

ரெயிலில் இழுக்கும்போது ரேக்கில் வேறெந்த சர்வரும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, ரேக் முன்பக்கம் சாயும். பின்னால் கேபிள் ஆர்ம் இல்லையென்றால் எல்லாக் கேபிளுக்கும் லேபிள் ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். ஃபைபரை மடங்க விடாதீர்கள்.

மூடியைத் திறந்து காற்று மறைப்பை எடுத்தால் ரேம் தெரியும். இரண்டு மூன்று நிமிடம் ஆற விடுங்கள், சூடாக இருக்கும். இரண்டு முனைத் தாழ்ப்பாளையும் ஒரே நேரத்தில் திறந்தால் ரேம் தானே எழும்பும். போடும்போது வெட்டுக்குறியைப் பொருத்தி, இரு முனையிலும் கட்டைவிரல் வைத்துச் சமமாக அழுத்துங்கள். தாழ்ப்பாள் தானாக ஏறி "க்ளிக்" என்று பூட்ட வேண்டும். விரலால் தள்ளித்தான் மூட முடிகிறது என்றால் ரேம் முழுதாக உட்காரவில்லை.

ஸ்லாட்டில் தூசி இருந்தால் காற்று அடித்தால் போதும். அழிரப்பரால் தொடர்பு முனையைத் தேய்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தங்கப் பூச்சு தேய்வதும் துகள் ஸ்லாட்டில் விழுவதும்தான் மிச்சம்.

டார்க்ஸ்30:
மேலே சொன்ன கைவேலை எல்லாம் சரி. வரிசையில் மட்டும் எனக்கு மாற்றுக்கருத்து: ரேமை அசைப்பதற்கு முன் ஒரு முறை ரீபூட் செய்யுங்கள்.

டிடிஆர்4 சிப்பில் ஒவ்வொரு பேங்க் குரூப்புக்கும் (சிப்பின் உட்பிரிவு) ஓர் உதிரி வரிசை உண்டு. பிழை வரம்பைத் தாண்டியதும் பல சர்வர்களின் பயாஸ் அந்த முகவரியைக் குறித்துக்கொண்டு, அடுத்த பூட்டில் கெட்ட வரிசைக்குப் பதில் உதிரியை நிரந்தரமாக இணைத்துவிடும். இதற்குப் போஸ்ட் பேக்கேஜ் ரிப்பேர் என்று பெயர். குறிப்பு ஸ்லாட்டை வைத்து எழுதப்படுகிறது. ரீபூட்டுக்கு முன்பே ஏ3-ஐ பி3-க்கு மாற்றிவிட்டால் பயாஸ் நல்ல ரேமில் போய் ரிப்பேர் பார்க்கும். கெட்டது கெட்டபடியே இருக்கும். ஆகவே முதலில் பயாஸ் ஃபர்ம்வேரின் வெளியீட்டுக் குறிப்பைப் பாருங்கள், அந்த வசதி இருந்தால் ரீபூட், பிறகு லாக்கில் ரிப்பேர் வெற்றியா தோல்வியா என்று பாருங்கள். தோல்வி என்றாலோ, பிழை மீண்டும் வந்தாலோ இடம் மாற்றிச் சோதிக்கலாம்.

இது திருத்தப்பட்ட பிழைக்கு மட்டும். திருத்த முடியாத பிழை ஒன்று வந்தாலும் காத்திருக்க வேண்டாம், ரேமைக் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று: லாக்கை அழிக்க மறக்காதீர்கள். வரம்பைத் தாண்டிய ஸ்லாட்டுக்குப் புதிய பதிவு எழுதுவதைச் சில ஃபர்ம்வேர் நிறுத்திவிடும். பழைய நிலையை அழிக்காமல் "ஒரு வாரமாகப் பிழையே இல்லை" என்று நினைப்பது ஏமாற்றம்.

கையில் இருக்கும் ரேமின் ஸ்டிக்கரில் 2ஆர்எக்ஸ்4 என்று இருக்கிறதா, 2ஆர்எக்ஸ்8 என்று இருக்கிறதா? கம்பெனி வேறாக இருப்பது பெரிய சிக்கல் இல்லை, 3200 ரேம் 2933-க்கு இறங்கி ஓடும். சிக்கல் அந்தக் கடைசி எண்ணில்தான்.

செக்சம்:
நன்றி. பார்த்தேன். சர்வரில் இருப்பது 2ஆர்எக்ஸ்4, கையில் இருப்பது 2ஆர்எக்ஸ்8. கொள்ளளவு ஒன்றுதானே, என்ன வேறுபாடு?

டார்க்ஸ்30:
அப்படியானால் அதை இந்த சர்வரில் போடாதீர்கள். எக்ஸ்4 ரேமில் 36 மெமரி சிப் இருக்கும், எக்ஸ்8-இல் 18. சிப்பின் அகலம் (கடைசி எண், ஒரு சிப் ஒரே நேரத்தில் தரும் பிட்) சிறியதாக இருந்தால்தான் ஒரு சிப் முழுதாகச் செத்தாலும் அதன் தரவை மற்றவற்றிலிருந்து மீட்கும் பாதுகாப்பு முழுமையாக வேலை செய்யும். இரண்டையும் கலந்தால் பல சர்வர்கள் பூட்டிலேயே எச்சரித்து நின்றுவிடும். ஏற்றுக்கொள்பவையும் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்ளலாம். ஆர்டிம், எல்ஆர்டிம் (தரவுப் பாதையிலும் பஃபர் உள்ள ரேம்) கலப்பும் அதேபோல் ஆகாது.

சனிக்கிழமை ரீபூட், ரிப்பேர் முடிவு, தேவைப்பட்டால் இடமாற்றம். அந்த 90 நிமிடத்துக்கு இது போதும். சரியான 2ஆர்எக்ஸ்4 வரும்வரை ஏ3-ஐக் காலியாக வைத்து 352 ஜிபியில் ஓட்ட வேண்டி வந்தால், முதல் சிபியுவில் ஆறு சேனலுக்கு ஐந்து ரேம்தான் இருக்கும். இன்டர்லீவிங் (தரவைச் சேனல்களுக்குப் பிரித்துப் போடுவது) சீர்குலைந்து மெமரி வேகம் இறங்கும். தற்காலிகத்துக்குப் பரவாயில்லை. மிரரிங் (ஒரே தரவை இரண்டு ரேமில் வைப்பது) போட்டிருந்தால் அது கழன்றுவிடும், முன்கூட்டியே பாருங்கள். உங்கள் மாடலில் காலி ஸ்லாட்டுக்குப் போலி ரேம் வைத்திருந்தால் அதையும் செருகுங்கள், காற்றோட்டத்துக்காக வைத்தது அது.

நள்ளிரவுஷிப்ட்:
ரிப்பேர் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், ரீபூட்டே முதலில்.

மாற்றிய பிறகு முதல் பூட்டுக்குப் பொறுமை வேண்டும். ரேம் அமைப்பு மாறியதால் மெமரி டிரெய்னிங் (ரேமோடு பேசும் சிக்னல் நேரத்தைச் சரிசெய்வது) முதலிலிருந்து நடக்கும், திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கும். பிஎம்சியில் போஸ்ட் கோடு (தொடக்கச் சோதனையின் படியைக் காட்டும் எண்) மாறிக்கொண்டிருந்தால் சர்வர் உயிரோடு இருக்கிறது. நடுவில் பவரைப் பிடுங்கி மறுபடி முதலிலிருந்து காத்திருக்காதீர்கள். மெமரி அளவு மாறியது என்று எஃப்1 கேட்டு நிற்கும் சர்வர்களும் உண்டு. ரிமோட் கன்சோலைத் திறந்தே வைத்திருங்கள், இல்லையென்றால் ரேக்கை மூடிவிட்டு வீட்டுக்குப் போன பிறகு அது அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

மொத்த ஜிபி, வேகம், ஸ்லாட்வாரி சீரியல் எண் மூன்றையும் சரிபாருங்கள். 384 ஜிபிக்கு மெம்டெஸ்ட் ஒரு முழுச் சுற்று முடியப் பல மணி நேரம் ஆகும், உங்கள் 90 நிமிடத்தில் அடங்காது. சர்வீஸைத் திருப்பும் முன் ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்டை (மெமரிக்குச் சுமை கொடுக்கும் சோதனை) அரை மணி நேரம் ஓட்டி லாக்கைப் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

டார்க்ஸ்30:
இடம் மாற்றியும் பிழை ஏ3-இலேயே நின்றால் அடுத்த நாளுக்குத் தனி நேரம் வாங்குங்கள், அது சிபியுவைக் கழற்றும் வேலை. எல்ஜிஏவில் பின்கள் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. ஒரு பின் வளைந்தாலோ ஹீட்சிங்க் பேஸ்ட் வழிந்து அதன் மேல் படிந்தாலோ ஒரு சேனல் மட்டும் தகராறு செய்யும். ஹீட்சிங்க் திருகுக்கு டி30 டார்க்ஸ் பிட், 12 இஞ்ச்-பவுண்டுக்கு அமைத்த டார்க் டிரைவர். லேபிளில் அச்சிட்ட எண் வரிசையில் இறுக்குவது, எதிர்வரிசையில் கழற்றுவது. அழுத்தம் ஒரு பக்கம் கூடினால் பின்னில் குற்றமில்லாமலேயே சேனல் தவறும், சில நேரம் கழற்றி அளவாக இறுக்கியதிலேயே பிழை போய்விடும். பழைய பேஸ்டைத் துடைத்துப் புதியது போடாமல் திரும்ப மாட்டாதீர்கள்.

பின்கள் நேராக இருந்தால் இரண்டு சிபியுவையும் இடம் மாற்றுங்கள். பிழை பி3-க்குப் போனால் சிபியுவின் மெமரி கன்ட்ரோலர், ஏ3-இல் நின்றால் போர்டு.