ஸ்டார் வோர்ஸ் கதையைக் கெடுத்தது 1980 தான்

திருநெல்வேலிச் சந்தி:

ஸ்டார் வோர்ஸ் வரிசையில ஆகத் திறமான படம் 1980இல வந்த ரெண்டாவது படம் எண்டு எல்லாரும் சொல்லீனம். படமாக்கின விதத்தைப் பாத்தா அது சரி. ஏர்வின் கேர்ஷ்னர் இயக்கினது. பனிக்கிரகச் சண்டை, யோடா எண்ட வயசான குரு, ஜோன் வில்லியம்ஸின்ர இசை, ஒண்டையும் குறை சொல்லேலாது. ஆனா முழுக்கதையும் தடம் மாறினது அந்தப் படத்தின்ர கடைசிப் பகுதியிலதான். வில்லன் டார்த் வேடர் கதாநாயகன் லூக்கிட்டைத் தான்தான் அவன்ர தகப்பன் எண்டு சொல்லுற இடம். எல்லாரும் கொண்டாடுற அந்தத் திருப்பத்தைத்தான் நான் பிழை எண்டு சொல்லுறன்.

1977 படத்தில லூக் ஆர்? மணல் கிரகத்தில, காத்தில இருந்து தண்ணி பிடிக்கிற பண்ணையில வேலை செய்யிற பொடியன். ஹான் சோலோ கடத்தல்காரன், கடன்காரன். கதையே ரெண்டு ரோபோக்களோடதான் தொடங்குது. குரோசாவா 1958இல எடுத்த 'த ஹிடன் ஃபோர்ட்ரஸ்' படத்தில ரெண்டு ஏழைக் குடியானவங்களின்ர கண்ணால கதையைக் காட்டினதுதான் அதுக்கு முன்மாதிரி எண்டு ஜோர்ஜ் லூகாஸே சொல்லியிருக்கிறார். லூக்கின்ர குரு ஒபி-வான் விளங்கப்படுத்துற 'ஃபோர்ஸ்' எண்ட சக்தியும் உயிருள்ள எல்லாத்திலயும் இருந்து வாறது. ஒரு குடும்பத்துக்கு எழுதிக் குடுத்த சொத்து இல்லை.

1980இல லூக் வேடரின்ர மகன் ஆகிறான். 1983இல இளவரசி லேயா அவன்ர இரட்டைச் சகோதரி ஆகிறா. 1999இல இன்னும் மோசம். பிறகு வேடர் ஆகப்போற ஒரு சின்னப் பொடியன்ர இரத்தத்தை எடுத்துச் சோதிச்சு, அவனுக்குச் சக்தி எவ்வளவு எண்டு எண்ணிச் சொல்லீனம். யோடாவை விட அவனுக்குக் கூடவாம்! உயிருள்ள எல்லாத்துக்கும் பொதுவா இருந்தது 22 வருசத்தில இரத்தத்துக்குள்ள போயிட்டுது.

இஞ்சை யாழ்ப்பாணத்தில ஒரு புது இடத்துக்குப் போனா, என்ன படிக்கிறாய் எண்டு கேக்க முதல் ஆற்றை பிள்ளை எண்டுதான் கேக்கினம். அடுத்தது எந்த ஊர். அதுக்கு அடுத்தது, அந்த ஊரில எவடம். எவடம் எண்டு ஏன் கேக்கினம் எண்டு இதை வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும், சாதியை அறியத்தான். அந்தக் கேள்வி இல்லாத ஒரு உலகத்தை 1977 படம் எனக்குக் காட்டினது. மூண்டு வருசத்தில அதே கேள்வி அங்கையும் வந்திட்டுது. எனக்கு அது உண்மையாவே நோகுது.

மணிக்கூட்டுக் கோபுரத்தடி:

பிள்ளை, நல்லா யோசித்து எழுதியிருக்கிறீர். ஆனால் உமது அடிப்படையோடு எனக்கு உடன்பாடு இல்லை.

1977 படத்திலேயே ஒபி-வான் ஒரு வாளை எடுத்து, இது உன் தகப்பனுடையது என்று லூக்கிடம் கொடுக்கிறார். அவன் அந்தச் சக்தியைக் கையாளும் ஒரு ஜெடை வீரன், வேடர் அவனைக் கொன்றான் என்கிறார். வம்சக் கதை 1980இல் முளைக்கவில்லை. விதை அங்கேயே கிடந்தது.

மற்றது, பிறப்பைத் தெரிந்துகொள்வது எப்போதும் பட்டாபிஷேகம் இல்லை. 1964இல் பந்துலு எடுத்த 'கர்ணன்' பார்த்தீரா? 2012இல் புதுப்பித்து மறுபடியும் வெளியிட்டார்கள், உமது வயதுக்காரரும் தியேட்டரில் பார்த்தார்கள். தேரோட்டியின் மகனாக வளர்ந்தவனிடம், போர் தொடங்கப் போகிற நேரத்தில் வந்து நீ குந்தியின் மூத்த மகன் என்கிறார்கள். அது அவனுக்குக் கிடைத்த பரிசா? அன்றிலிருந்து யாரைக் கொல்லப் போகிறோம் என்று தெரிந்துகொண்டே வில்லெடுக்க வேண்டியவன் ஆகிறான். அந்தக் கட்டத்தில் சிவாஜியின் முகத்தைப் பாரும், பிறகு லூக்கைப் பாரும். உண்மை தெரிந்ததும் லூக் மார்தட்டுகிறானா? கை போய், நம்பிக்கையும் போய், அந்த உயரத்திலிருந்து குதித்துவிடுகிறான். பெருமைப்படுகிறவன் குதிப்பானா?

அந்தத் திருப்பத்தை எவ்வளவு பாதுகாத்தார்கள் தெரியுமா? வேடரின் உடைக்குள் இருந்த டேவிட் புரௌஸுக்கே உண்மையான வசனத்தைக் கொடுக்கவில்லை, ஒபி-வான்தான் உன் தகப்பனைக் கொன்றான் என்று பேச வைத்தார்கள். பிறகு ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரலில்தான் சரியான வசனம் ஏறியது. ஒரு கதையின் இதயம் அதுதான் என்று நம்பியவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

குருநகர்க் கரையான்:

ரெண்டு பேரும் ஒரு மாயக்கதையை வைச்சுச் சண்டை பிடிக்கிறியள். வாளும் மந்திரமும் இளவரசியும் இருந்தா அது விஞ்ஞானப் புனைகதையோ? வெற்றிடத்தில சத்தம் கேக்காது. ஸ்டார் வோர்ஸில ஒவ்வொரு கப்பலும் உறுமிக்கொண்டு போகுது.

1968இல ஸ்டான்லி குப்ரிக் எடுத்த '2001' எண்ட விண்வெளிப் படத்தைப் பாருங்கோ. கப்பலுக்கு வெளியில இசை, மூச்சுச் சத்தம், இல்லாட்டி நிசப்தம். முதல் இருபது நிமிசத்துக்கும் மேல ஒரு வசனம் இல்லை. அந்தப் படத்தைக் குப்ரிக்கோட சேந்து எழுதின ஆதர் சி. கிளார்க் 1956இல இருந்து 2008இல சாகும்வரை இலங்கையிலதான் இருந்தவர். திருகோணமலையில சுவாமி மலைக்குக் கீழ சுழியோடி, கடலுக்குள்ள கிடந்த கோணேசர் கோயிலின்ர இடிபாடுகளைப் பாத்து எழுதினவர். எங்கட கடலுக்குள்ள இறங்கின மனிசன் எழுதின படத்தை விட்டிட்டு ஆற்றையோ குடும்பச் சண்டையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். அதில ஆற்றை மகன் எண்ட கேள்விக்கே இடமில்லை. மனிச இனம் எங்கையிருந்து வந்தது, எங்கை போகுது எண்டதுதான் கேள்வி.

திருநெல்வேலிச் சந்தி:

குருநகர் அண்ணை, '2001' எனக்கும் பெரிய படம்தான். ஆனா அதில எனக்கு மனசு இளகினது ஒரே ஒரு இடத்தில. ஹால் எண்ட கணினியைக் கொஞ்சம் கொஞ்சமா நிப்பாட்டேக்க, எனக்குப் பயமா இருக்கு எண்டு அது சொல்லுற இடம். மற்ற மனிசர் எல்லாரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிற மாதிரி. மனிச இனத்தைப் பற்றிக் கேள்வி கேட்டா மட்டும் போதாது. மணல் கிரகத்தில ரெண்டு சூரியன் மறையிறதைப் பாத்துக்கொண்டு ஒரு பொடியன் நிக்கேக்க, இந்த இடத்தை விட்டுப் போகவேணும் எண்டு அவன் நினைக்கிறது எனக்கு விளங்குது. சத்தம் கேக்குதோ கேக்கேல்லையோ எண்டு அப்ப நான் பாக்கேல்லை.

ஐயா, கர்ணனைக் கொண்டுவந்தது நல்லது, ஏனெண்டா கர்ணன் என்ர பக்கம். பிறப்பு தெரிஞ்ச பிறகும் அவன் துரியோதனனை விட்டிட்டுப் போகேல்லை. செஞ்சோற்றுக் கடன்தான் பெரிசு எண்டு நிண்டான். அதுக்காகத்தான் சனம் அவனுக்காக அழுதது. லூக் என்ன செய்யிறான்? 1983இல வேடரின்ர தலைவனான பேரரசருக்கு முன்னால நிண்டு, என்ர தகப்பனைப் போல நானும் ஒரு ஜெடை எண்டு சொல்லுறான். கர்ணன் பிறப்பைத் தள்ளி வைக்கிறான், லூக் அதைத் தூக்கித் தலையில வைக்கிறான்.

வாள் விசயம். 1977இல அந்தத் தகப்பன் கனபேரில ஒருத்தன், பேர்கூடச் சொல்லேல்லை. கடைசியில லூக்கைக் காப்பாத்துறதும் ஹான் சோலோ. காசை வாங்கிக்கொண்டு போனவன் திரும்பி வந்து வேடரின்ர கப்பல் விலகப் பண்ணினதாலதான் லூக் எதிரியின்ர ஆயுதக்கோளைச் சுட முடிஞ்சது. இன்னொண்டு: ரெண்டாவது படத்துக்கு முதல் எழுத்துப் பிரதி எழுதினது லீ பிரக்கெற். அதில லூக்கின்ர தகப்பன் தனி ஆளா, ஆவியா வாறார். வேடர் வேற, தகப்பன் வேற. அவ 1978இல செத்துப் போனா, பிறகுதான் ரெண்டு பேரும் ஒருத்தர் ஆனவை. விதை கிடந்தது எண்டு சொல்லுறியள், அது எந்தப் பக்கமும் முளைச்சிருக்கலாம்.

பருத்தித்துறை முனை:

தங்கச்சி, 1999, 2002, 2005 படங்களை இரத்தப் பரிசோதனையோட தூக்கி எறியாதையும். நான் அந்த மூண்டையும் அரசியலுக்காகப் பாக்கிறனான். ஒரு குடியரசின்ர சபை, போர் வருகுது எண்டு பயந்து, ஒருத்தருக்கு அவசரகால அதிகாரத்தைத் தானே தூக்கிக் குடுக்குது. 2005 படத்தில அவர் தன்னைப் பேரரசர் எண்டு அறிவிக்கேக்க சபை கைதட்டுது. ஒருத்தரும் துவக்கைக் காட்டி வெருட்டேல்லை. இந்த நாட்டில 1983க்குப் பிறகு, இடையிடையே நிப்பாட்டி, 2011 வரைக்கும் அவசரகாலச் சட்டத்தை மாசாமாசம் பாராளுமன்றத்தில வாக்கெடுத்துத்தான் நீட்டினவை. அதுக்குக் கீழ வளர்ந்த எனக்கு அந்தக் காட்சி சின்னப்பிள்ளை விளையாட்டாத் தெரியேல்லை. வசனம் மரக்கட்டைதான், காதல் காட்சிகளைப் பாக்கேலாது. ஆனா சர்வாதிகாரம் எப்பிடி வருகுது எண்டு 1977 படம் சொல்லேல்லை, அது வந்த பிறகுதான் கதை தொடங்குது.

திருநெல்வேலிச் சந்தி:

அக்கா, அந்தச் சபைக் காட்சிக்கு நான் தலை வணங்குறன். ஆனா அதே படங்கள் என்ன செய்யுது? அவ்வளவு பெரிய அரசியலை, ஒரு பொடியன் மனிசியைப் பறிகுடுக்கப் பயந்ததில கொண்டுபோய் முடிச்சு வைக்குது. கைதட்டின ஆக்கள் ஆர், ஏன் கைதட்டினவை எண்டு பேந்து ஒருத்தரும் கேக்கேல்லை.

நீங்கள் சொல்லுறதைச் சரியாச் செய்தது 2016இல வந்த 'ரோக் வன்'னும், 2022இலயும் 2025இலயும் வந்த 'ஆண்டோர்' தொடரும். அதில வாறவை எழுத்தர், சிறைக்கைதி, பழைய இரும்பு விக்கிறவை. ஒருத்தரிட்டையும் ஜெடை வாள் இல்லை. 'ரோக் வன்'னில அந்த ஆயுதக்கோளின்ர வரைபடத்தைக் களவெடுத்த அந்தக் கூட்டம் ஒருத்தர் மிச்சமில்லாமச் செத்துப் போகுது, அவை இல்லாட்டி லூக்கும் இல்லை.

2017 படமும் இதைத்தான் சொல்ல வெளிக்கிட்டது. புதுக் கதாநாயகி ரேயின்ர தாய் தகப்பன் ஒருத்தருக்கும் தெரியாத ஆக்கள் எண்டு சொல்லி, கடைசியில குதிரை லாயத்துப் பொடியன் ஒருத்தன்ர கைக்குத் தும்புத்தடி தானா வாறதைக் காட்டினது. 2019இல அதைத் திருப்பி, ரே பேரரசரின்ர பேத்தி எண்டு ஆக்கிப் போட்டினம். கடைசிக் காட்சியில ஆர் நீ எண்டு ஒரு கிழவி கேக்க, ரே தன்னை லூக்கின்ர குடும்பப் பேரான ஸ்கைவோக்கர் எண்டு சொல்லுறா. வெறும் ரே எண்டு சொன்னா என்ன குறைஞ்சு போகும்?

எங்கட ஆக்களே இதை விடத் துணிஞ்சு செய்தவை. எம்.ஜி.ஆர். 1958இல தானே இயக்கின 'நாடோடி மன்னன்' படத்தில, மன்னன்ர இடத்தில இருந்து சட்டம் போடுறவன் ஒரு நாடோடி.

மணிக்கூட்டுக் கோபுரத்தடி:

பிள்ளை, அதே 'நாடோடி மன்னன்' படத்தில் தீவில் வளர்கிற சரோஜாதேவி யார்? தொலைந்துபோன இளவரசி. எங்கள் கதைகளில் அதை எடுத்துவிட்டால் பாதிப் படம் நிற்காது.

1983இல் லூக் சொல்வதை நீர் பாதியில் நிறுத்துகிறீர். அதைச் சொல்வதற்கு முன் வாளை எறிந்துவிடுகிறான். தகப்பனைக் கொன்று அவன் இடத்துக்கு வா என்று பேரரசர் அழைக்கும்போது அந்த வாரிசுரிமையை வேண்டாம் என்கிறான். உம்முடைய ஊர்க் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் உண்டா? ஆற்றை பிள்ளை என்று கேட்டால், இன்னாருடைய பிள்ளைதான், ஆனால் அவர் செய்ததை நான் செய்ய மாட்டேன் என்று சொல்ல முடிகிறது. பிறப்பை இல்லை என்று மறைத்துவிட்டு வாழ்வது சுலபம். அதை ஒப்புக்கொண்டு மாறுவதுதான் கடினம்.

திருநெல்வேலிச் சந்தி:

இளவரசி ஆனது அவ, சட்டம் போட்டது அவன், ஐயா. அதை நான் விடமாட்டன்.

மறைக்கிறது சுலபம் எண்டு நீங்கள் சொல்லுறியள். எவடம் எண்டு கேக்கேக்க பதில் சொல்லுறது எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சுலபம் இல்லை. கெட்ட தகப்பனா இருந்தாலும் வேடர் பெரிய ஆள். பெரிய ஆளின்ர பிள்ளைக்குத்தான் வேண்டாம் எண்டு சொல்ல ஒரு வாரிசுரிமை இருக்கு.

குருநகர்க் கரையான்:

அப்ப டியூன்? 1965இல ஃபிராங்க் ஹேர்பேர்ட் எழுதின நாவல். கதாநாயகன் பவுலின்ர பிறப்பே, தலைமுறை தலைமுறையாத் திட்டம் போட்டு ஆக்களைச் சோடி சேத்து வந்ததுதான். 2024 படத்தில அவன் தன்ர எதிரியின்ர பேரன் எண்டும் தெரிய வருகுது. உமக்கு அது பிடிக்கக் கூடாதே.

திருநெல்வேலிச் சந்தி:

எனக்குப் பிடிச்சது, அண்ணை, ஏனெண்டா அந்தப் படம் அந்த இரத்தத்தை நம்பச் சொல்லேல்லை. பேரன் எண்டு தெரிஞ்ச உடன பவுல் இன்னும் பயங்கரமான ஆள் ஆகிறான். எல்லாரும் அவனுக்கு முன்னால முழங்காலில நிக்கேக்க அவன்ர காதலி சானி நிக்கேல்லை, விட்டிட்டுப் போறா. இயக்குநர் வில்னேவ் அந்த முடிவை நாவலில இருந்து மாத்தி அவவிட்டைக் குடுத்தது தெரிஞ்சு செய்த வேலை. 1980, 1983 படங்களில லூக்கின்ர பக்கத்தில நிக்கிற ஆராவது ஒராள், உன்ர தகப்பன் ஆரா இருந்தா எனக்கென்ன எண்டு கேட்டிருந்தா, நான் இதை எழுதியிருக்க மாட்டன். ஐயா, அப்பிடிக் கேட்ட ஒரு ஆளைக் காட்டுங்கோ.