க்ரோட்டோவ்ஸ்கியின் ‘ஏழை அரங்கு’: காசில்லாத நாடகமா? குரல் பயிற்சியிலும் ஒரு சந்தேகம்

களரிமுனை கேட்டது:
போலந்து இயக்குநர் யெஷி க்ரோட்டோவ்ஸ்கி பற்றிப் படிக்கையில் மூன்று இடம் இடிக்கிறது. ‘ஏழை அரங்கு’ என்றால் செலவில்லாமல் நாடகம் போடுவதா? அவருடைய ‘ரெசனேட்டர்’ (குரல் அதிரும் உடல் இடங்கள்) குரல் பயிற்சியைச் செய்பவர்களுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறதே, எங்கே தப்பு நடக்கிறது? 1969க்குப் பிறகு அவர் ஏன் புது நாடகமே போடவில்லை?

ஒப்பனையில்லை:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். காசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சினிமாவோடும் டிவியோடும் பகட்டில் போட்டி போட்டால் நாடகம் தோற்கும் என்பது அவர் வாதம். அப்படியானால் நாடகத்திலிருந்து எதையெல்லாம் எடுத்துவிடலாம்? ஒப்பனை, ஒளி வித்தை, பதிவுசெய்த இசை, உயர்ந்த மேடை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார். நடிகரும் பார்வையாளரும் எதிரெதிரே இருப்பதை மட்டும் கழிக்க முடியவில்லை. ‘ஏழை’ என்பது அந்த மிச்சத்துக்கு வைத்த பெயர்.

1959இல் விமர்சகர் லுட்விக் ஃப்ளாஷெனோடு சேர்ந்து போலந்தின் ஓபோலே ஊரில் ‘13 வரிசை அரங்கு’ என்ற சின்ன அரங்கை ஏற்றார். அப்போது வயது 26தான். அங்கே 1962இல் போட்ட ‘அக்ரோபோலிஸ்’ நல்ல உதாரணம். போலந்து நாடகாசிரியர் வைஸ்பியான்ஸ்கியின் மூல நாடகம் க்ராகுஃப் நகரின் வாவெல் பேராலயத்தில், ஈஸ்டர் இரவில் நடப்பது. க்ரோட்டோவ்ஸ்கி அதைத் தூக்கி நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வைத்தார். உடை என்றால் ஓட்டை விழுந்த சாக்கு. கிழிந்த சதையைப் போலத் தெரியும் துணி அந்த ஓட்டைகளின் உள்பக்கம் தைத்திருக்கும். காலில் மரக்கட்டைச் செருப்பு. முகமூடி கிடையாது, முகத் தசைகளையே இறுக்கி நாடகம் முடியும்வரை அப்படியே நிறுத்த வேண்டும். பார்வையாளர்களின் நடுவே துருப்பிடித்த அடுப்புக் குழாய்களை மாட்டி மாட்டி நடிகர்களே முகாமைக் கட்டி முடிப்பார்கள். கடைசியில் பாடிக்கொண்டே நடுவிலுள்ள பெட்டிக்குள் இறங்குவார்கள், மூடி விழும்.

ஒன்று கவனியுங்கள்: இது வெற்று மேடை அல்ல. ‘கோர்டியன்’ நாடகத்தில் மனநல விடுதிக் கட்டில்களில் பார்வையாளர்களும் உட்கார்ந்தார்கள். ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ நாடகத்தில் நீண்ட மேசைகளில் ஃபாஸ்டஸின் கடைசி விருந்துக்கு வந்த விருந்தாளிகள் அவர்கள்தான். கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு ‘ஏழை அரங்கு’ என்று போர்டு மாட்டுபவர்கள் தவறவிடுவது, பார்வையாளரை எங்கே வைப்பது என்ற இந்தக் கணக்கைத்தான்.

குரல்வளை:
இரண்டாவது கேள்வி. மண்டை, மார்பு, வயிறு என்று உடம்பின் ஒவ்வொரு இடத்திலும் குரலைப் ‘பிடித்து வைக்க’ முயல்வதுதான் தப்பு. கவனம் தொண்டைக்குப் போனதுமே குரல்வளை மூடிக்கொள்ளும். கவனம் வெளியே இருக்க வேண்டும். மண்டைக்குக் கூரை, வாய்க்கு எதிர்ச்சுவர், பிடரிக்குப் பின்சுவர், வயிற்றுக்குத் தரை. அந்த இடத்தோடு பேசுங்கள், அங்கிருந்து திரும்பி வரும் எதிரொலியைக் கேளுங்கள். உங்கள் குரலையே கேட்டுக்கொண்டிருந்தால் பயிற்சி கெட்டது.

குரல்வளை மூடியிருக்கிறதா என்று பார்க்க: குரல் தட்டையாகவும் கரகரப்பாகவும் வரும், மூச்சை இழுக்கும்போதே சின்னச் சத்தம் கேட்கும். கட்டைவிரலைத் தாடைக்கு அடியில் வைத்துப் பாருங்கள், அங்கே தசை கல்லாக இருக்கும். பிடரியும் அப்படியே. தாடை முன்னாலோ பின்னாலோ தள்ளி நிற்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்திவிட்டு உடல் அசைவுக்குத் திரும்புங்கள். உடல் முதலில், குரல் அதன் பின்னால். க்ரோட்டோவ்ஸ்கியே பிற்பாடு இந்த வரிசையைத்தான் வலியுறுத்தினார். வயிற்றால் மட்டுமே மூச்சுவிடு என்று எல்லாருக்கும் ஒரே விதி போடுவதும் ஆபத்து. தானாக ஓடும் மூச்சில் கை வைத்தால் அதுவே இறுக்கமாகும்.

யோகாவும் இதே கதை. ஆரம்பத்தில் ஹட யோகத்தை அப்படியே எடுத்தார்கள். மனம் உள்ளே ஒடுங்கியது, வெளிப்பாடு செத்தது. ஆசனங்களில் முதுகெலும்பை விழிக்கவைப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றையும் எதிரே ஆள் இருப்பதுபோல் செய்யும் பயிற்சியாக மாற்றினார்கள்.

வ்ரோட்ஸ்வாஃப்_65:
மூன்றாவதுக்கு முன் க்ரோட்டோவ்ஸ்கியின் ‘நிலைகுலையா இளவரசன்’ (1965) நாடகம் பற்றித் தெரிய வேண்டும். படங்களில் அதன் முதன்மை நடிகர் ரிஷார்ட் ச்செஷ்லாக் வதைபடுவதைப் பார்த்துவிட்டு வெறியாட்டம் என்று நினைக்கிறார்கள். அந்த நடிப்பின் அடியில் இருந்தது வலியே அல்ல, அவருடைய பதின்வயதுக் காதலின் நினைவு. நடிகரும் க்ரோட்டோவ்ஸ்கியும் தனியாகப் பல மாதம் உழைத்து அதைச் சின்னச் சின்ன உடல் செயல்களாகக் கோத்தார்கள். வேறு வேறு சமயம் எடுத்த ஒலியையும் படத்தையும் பின்னால் சேர்த்தபோது பொருந்திப் போயின. அவ்வளவு துல்லியம். இதே ச்செஷ்லாக்தான் பீட்டர் புரூக்கின் மகாபாரதத்தில் (1985) திருதராட்டிரன்.

‘அப்போகலிப்ஸிஸ்’ (1969) நாடகத்தை உருவாக்கியபின் க்ரோட்டோவ்ஸ்கி தேடியது நாடகத்தை அல்ல. நடிப்பவர், பார்ப்பவர் என்ற பிரிவினையே தடை என்று பட்டது. காட்டுக்குள் பிஷெஷின்கா என்ற இடத்தில் பார்வையாளரே இல்லாத சந்திப்புகள் நடந்தன. 1981 டிசம்பரில் போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கா போனார். 1984இல் குழு கலைந்தது. 1986 முதல் இத்தாலியின் பொந்தெதேராவில், பழைய சடங்குப் பாடல்கள் பாடுபவர் உடலில் என்ன செய்கின்றன என்ற வேலை. 1999 ஜனவரி 14 அன்று அங்கேயே காலமானார். அஸ்தி அவர் விருப்பப்படி திருவண்ணாமலையில் தூவப்பட்டது. போர்க்காலத்தில் நியேனாதுஃப்கா கிராமத்தில் அம்மா கொடுத்த, ஆங்கில எழுத்தாளர் பால் பிரன்டனின் புத்தகத்தில்தான் ரமணரை முதலில் படித்தார்.

ஒப்பனையில்லை:
விட்டுப்போனது: ‘கோர்டியன்’, ‘ஃபாஸ்டஸ்’ அரங்க அமைப்பு கட்டடக் கலைஞர் யெஷி குராவ்ஸ்கி. ‘அக்ரோபோலிஸ்’ நாடகத்தின் உடையும் மேடைப் பொருள்களும் யூஸெஃப் ஷைனா. அந்தச் சாக்கையும் குழாயையும் தேர்ந்தெடுத்த ஷைனா, ஆஷ்விட்ஸில் கைதியாக இருந்தவர்.