32 வரி நிப்கோ தட்டு: அசையாத கோடு, ஆடுற படம்

சேலம்_சுழல்தட்டு:
நிப்கோ தட்டு ஒண்ணு செஞ்சிருக்கேன், சுருளாத் துளை போட்ட தட்டைச் சுத்தி வரி வரியாப் படம் காட்டுற பழைய இயந்திர டிவி. தட்டு 1 மி.மீ. அலுமினியம், 300 மி.மீ. விட்டம், 32 துளை. முதல் துளை மையத்திலிருந்து 140 மி.மீ. எல்லாத் துளையும் 0.55 மி.மீ. ட்ரில் பிட்டில் போட்டது. கோணமானியும் ஸ்டீல் ஸ்கேலும் வச்சுக் குறிச்சது. பின்னாடி 20 வெள்ளை எல்.இ.டி., அதுக்கு முன்னால பால் நிற அக்ரிலிக். 12 வோல்ட் டி.சி. மோட்டார். தட்டு ஓரத்தில் 32 வெட்டு, அகச்சிவப்பு ஸ்லாட் சென்சார், தட்டு வேகத்தைச் சிக்னலோட பூட்ட சிடி 4046 ஐ.சி. சிக்னல் லேப்டாப் ஹெட்போன் ஜாக்கிலிருந்து.

முகம் தெரியுது. ஆனா செங்குத்தாக் கருப்புக் கோடுங்க, எப்பவும் அதே இடத்தில. படம் மொத்தமும் மெல்ல மேலயும் கீழயும் ஆடுது. சில நேரம் முகம் ரெண்டாப் பிளந்து இடது பாதி வலப்பக்கம் போயிடுது. தட்டை மாத்தணுமா, சர்க்யூட்டை மாத்தணுமா?

லேத்_பக்கம்:
ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம். முதல்ல வீடியோவைக் கழட்டிட்டு எல்.இ.டி.யை ஒரே சீரா எரிய விட்டுத் தட்டை ஓட்டுங்க. அப்பவும் கோடு தெரிஞ்சா அது துளையோட குறை.

கணக்கைப் பாருங்க. 140 மி.மீ. ஆரத்தில் சுற்றளவு 879.6, அதை 32-ஆல் வகுத்தா படத்தோட உயரம் 27.5 மி.மீ. உயரமும் அகலமும் 3:2, அதனால அகலம் 18.3. வரிக்கு 0.573. ஒவ்வொரு துளையும் முந்தினதை விட இவ்வளவுதான் உள்ள தள்ளி வரணும். நீங்க 0.55 போட்டிருக்கீங்க. சரியா 0.573 போட்டாலே வட்டத் துளைக்கு ஓரத்தில வெளிச்சம் குறையும், வரிக்கு வரி நிழல் விழும். 0.6 இல்ல 0.65 போட்டு லேசா ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடணும். உங்க தட்டில் எல்லாத்தையும் 0.65-க்கு விரிச்சாலே பாதிக் கோடு போயிடும்.

மீதி, குறிச்ச விதத்தில் வந்த தப்பு. 0.1 மி.மீ. உள்ளயோ வெளியயோ போனாப் போதும், ஒரு பக்கம் கருப்பு, மறுபக்கம் பளிச். கோணம் 0.1 டிகிரி தப்பினா அந்த வரி மட்டும் கால் மி.மீ. மேலயோ கீழயோ நகர்ந்து மூக்கு ரம்பப்பல் மாதிரி தெரியும். கோணமானியில் இந்தத் துல்லியம் வராது.

அடுத்த தட்டை மில்லிங் மெஷின் இருக்கிற பட்டறையில் டிவைடிங் ஹெட்டில் (வட்டத்தைச் சமமாப் பிரிச்சுத் திருப்புற கருவி) போடுங்க. கைப்பிடி 40 சுத்துக்குத் தட்டு 1 சுத்துற ஹெட்னா துளைக்கு ஒன்னேகால் சுத்து: ஹெட்டோட 16 துளை வட்டத்தில் ஒரு முழுச் சுத்து, மேல 4 துளை. ஒவ்வொண்ணுக்கும் டேபிளை 0.57 நகர்த்தணும், எப்பவும் ஒரே திசையில. பின்னால திருப்பினீங்கன்னா ஸ்க்ரூவோட தளர்வு அப்படியே துளையில் ஏறிடும். அலுமினியம் 0.5 மி.மீ. போதும், எடையும் பாதியாகும், சுமார் 95 கிராம். மட் கருப்பு பெயின்ட் முதல்ல, துளை அப்புறம். மாத்திச் செஞ்சா துளை அடைச்சுக்கும். கீழ பேக்கலைட் அட்டை வச்சுப் போட்டா பிசிறு குறையும். பிட்டுக்கு அலைய வேண்டாம், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைக்குச் சாமான் விக்கிற கடையில் கேட்டுப் பாருங்க.

ஃபேஸ்_லாக்:
ஆட்டம் துளையால் இல்லீங்க. தட்டு கனம், மோட்டார் மெதுவாத்தான் பதில் சொல்லும். 4046 திருத்தச் சொல்றதுக்குள்ள தட்டு தாண்டிப் போயிடும், திரும்ப இழுக்கும். அதோட 13-ஆம் காலிலிருந்து வர்ற ஃபில்டர் கெப்பாசிட்டரோட தொடர்ச்சியா ஒரு 100 கே பிரீசெட் (திருகி மாத்துற ரெசிஸ்டர்) போடுங்க. பூஜ்யத்திலிருந்து கூட்டிக்கிட்டே வாங்க, ஆட்டம் நிக்கிற இடத்தில் விடுங்க. ரொம்பக் கூட்டினா படம் நடுங்கும். 13-க்குப் பதிலா 2-ஆம் காலை எடுத்திருந்தா மாத்துங்க, அது மடங்கு வேகத்திலும் பூட்டிக்கும். உள்ளே இருக்கிற ஆசிலேட்டர் தேவையில்லை, 5-ஆம் காலை உயர்த்திக் கட்டிடுங்க.

பிளவுக்குக் காரணம் வேற. நிமிஷத்துக்கு 750 சுத்து, நொடிக்கு 12.5 படம், 400 வரி. சிக்னலில் வரிக்கு ஒரு சிங்க் துடிப்பு (வரி தொடங்குதுன்னு சொல்ற குறி) வரும், ஆனா படத்துக்கு ஒரு துடிப்பை வேணும்னே விட்டிருப்பாங்க. உங்க தட்டில் 32 வெட்டும் திறந்திருக்கிறதால எந்த வரி முதல் வரின்னு 4046-க்குத் தெரியாது. ஒரு வெட்டைக் கருப்பு டேப் ஒட்டி மூடி 31 ஆக்குங்க. ரெண்டு இடைவெளியும் ஒண்ணு சேர்ற வரைக்கும் 4046 தட்டைத் தள்ளிக்கிட்டே போகும். எதை மூடறதுன்னு மண்டையை உடைச்சுக்க வேண்டாம்: ஒண்ணை மூடுங்க, படம் எத்தனை வரி தள்ளி நிக்குதோ அத்தனை வெட்டு நகர்த்தி ஒட்டுங்க.

ஏற்காடு_மூடுபனி:
எடை குறைக்கிறேன்னு எம்.டி.எஃப்., அட்டைன்னு போகாதீங்க. மலையில பனிக் காலத்தில் ஈரம் இழுத்து அப்பளம் மாதிரி வளையும். பழைய எல்.பி. ரெக்கார்டும் பலர் சொல்வாங்க, அளவு கச்சிதம்தான், ஆனா சேலம் வெயிலில் வண்டிக்குள்ள வச்சா போச்சு. முன்னால ஒரு கூண்டும் போடுங்க, ஓரம் நொடிக்குக் கிட்டத்தட்ட 12 மீட்டர் வேகத்தில் போகுது.

சேலம்_சுழல்தட்டு:
டேப் ஒட்டினேன், பிளவு நின்னுடுச்சு. பிரீசெட் 40 கே பக்கம் வச்சா ஆட்டமும் இல்லை. நன்றிங்க. ஆனா இருட்டான காட்சி வந்தா கருப்பு, சாம்பலா வெளுக்குது. இன்னொண்ணு, இயந்திர டிவி முன்னோடி பெயர்டோட 30 வரிப் பதிவு இதில் ஓடுமா?

ஃபேஸ்_லாக்:
ஹெட்போன் ஜாக் டி.சி.யை விடாது. காட்சி இருட்டானா சிக்னலோட சராசரி தானே நடுவுக்கு வந்துடும், கருப்பு மேல ஏறிடும். 0.1 மைக்ரோஃபாரட், 1 மெகஓம், ஒரு 1என்4148 டையோடு வச்சுச் சிங்க் நுனியைக் கிளாம்ப் பண்ணுங்க, அதாவது ஒரே மட்டத்தில் பிடிச்சு வைங்க. லேப்டாப்பில் பாஸ் பூஸ்ட், ஒலி மேம்பாடு எல்லாத்தையும் அணைச்சுட்டு வேவ் கோப்பு மட்டும் ஓட்டுங்க, எம்.பி.3 சிங்க் ஓரத்தை மழுக்கிடும்.

30 வரி இதில் ஓடாது. பி.பி.சி. 1935 வரை ஒளிபரப்பினதும் 12.5 படம்தான், ஆனா வரி வேகம் 375, அளவு 7:3. இதே ஆரத்தில் 30 துளை, உயரம் 29.3, அகலம் 12.6, படி 0.42. தனித் தட்டு வேணும்.

லேத்_பக்கம்:
30 துளைத் தட்டுக்கு அதே ஹெட்டில் துளைக்கு ஒரு சுத்தும் மூணில் ஒரு பங்கும். 18 துளை வட்டத்தில் ஒரு முழுச் சுத்து, மேல 6.