டிபி2 டேட்டாபேஸ் இணைப்பு பாதியில் அறுந்துபோகிறது, பெரிய குழு பாலிசிகளுக்கு மட்டும். உதவி தேவை

தரமணி_ஜாவா:
வணக்கம். மூன்று நாளாக ஒரே பிழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மெயின்ஃப்ரேம் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினி) பக்கம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி காட்டுங்கள்.

எங்கள் டீம் சென்னையில். வாடிக்கையாளர் அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனம். லினக்ஸில் ஓடும் வெப்ஸ்பியர் என்ற அப்ளிகேஷன் சர்வரில் எங்கள் ஜாவா செயலி இருக்கிறது. அங்கிருந்து மெயின்ஃப்ரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸில் உள்ள டிபி2-வுக்கு ஜேடிபிசி டைப் 4 டிரைவர் (ஜாவாவை டேட்டாபேஸோடு இணைப்பது) வழியாக நேரடி இணைப்பு. பிரீமியம் கணக்கு மட்டும் பழைய கோபோல் புரோகிராமில் இருப்பதால் அதற்கு, மெயின்ஃப்ரேமில் அதை இயக்கும் சிஐசிஎஸ்ஸுக்கு, சிஐசிஎஸ் டிரான்சாக்‌ஷன் கேட்வே வழியாக ஈசிஐ அழைப்பு (வெளியிலிருந்து சிஐசிஎஸ் புரோகிராமைக் கூப்பிடும் வழி).

வேலை இதுதான்: ஒரு குழுவின் பாலிசிகளை டிபி2-வில் படிக்கிறோம். லூப்பில் ஒவ்வொரு பாலிசிக்கும் சிஐசிஎஸ்ஸைக் கூப்பிட்டுக் கணக்கை வாங்குகிறோம். கடைசியில் எல்லாவற்றையும் அப்டேட் செய்து கமிட் போடுகிறோம் (மாற்றங்களை உறுதிசெய்கிறோம்). ஒவ்வொரு கட்டளைக்கும் தானாகக் கமிட் போடும் ஆட்டோகமிட் அணைத்திருக்கிறது.

சின்னக் குழு என்றால் ஒரு சிக்கலும் இல்லை. 70, 80 பாலிசி உள்ள குழு சில நாள் ஓடுகிறது, சில நாள் விழுகிறது. 120-ஐத் தாண்டினால் நிச்சயம் விழுகிறது. எரர்கோடு -4499, எஸ்க்யூஎல்ஸ்டேட் 08001. லூப்புக்குள் விழுவதே இல்லை, எப்போதும் லூப் முடிந்த பிறகு வரும் முதல் அப்டேட்டில்தான். அது விழுந்த கையோடு மற்ற பயனர்களுக்கும் திரை சற்று நேரம் மந்தமாகிவிடுகிறது. டெஸ்ட் சூழலில் ஒருமுறைகூட வரவில்லை.

ஆவடி_நெட்வொர்க்:
-4499 என்றால் டிரைவரின் பார்வையில் வயர் அறுந்துவிட்டது. நடுவில் ஃபயர்வால் இருக்கிறதா? சும்மா இருக்கும் இணைப்பை அது சத்தமில்லாமல் தூக்கிவிடும். பூலில் (தயாராகத் திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) சும்மா இருக்கும் இணைப்பை மூடும் அன்யூஸ்டு டைம்அவுட் டிஃபால்ட்டாக 1800 நொடி. ஃபயர்வாலின் எல்லை அதைவிடக் குறைவா என்று பாருங்கள்.

தரமணி_ஜாவா:
கேட்டுவிட்டேன் அண்ணா. ஃபயர்வால் எல்லை 60 நிமிடம். எங்கள் லூப் அதிகபட்சம் ஐந்து நிமிடம்கூடப் போகாது.

அம்பத்தூர்_வாஸ்:
வெப்ஸ்பியரில் பல அமைப்புகளை ஒன்றாகக் கட்டும் குளோபல் டிரான்சாக்‌ஷனின் ஆயுள் டிஃபால்ட்டாக 120 நொடிதான். அதில் அடிபட்டால் லாக்கில் டபிள்யூடிஆர்என்0006டபிள்யூ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். இருக்கிறதா?

தரமணி_ஜாவா:
தேடிப் பார்த்தேன், இல்லை. நாங்கள் லோக்கல் டிரான்சாக்‌ஷன்தான் பயன்படுத்துகிறோம்.

பச்சைத்திரை:
தம்பி, ஒரு சிஐசிஎஸ் அழைப்புக்கு எவ்வளவு நேரம் ஆகிறது?

தரமணி_ஜாவா:
சுமார் 2 நொடி அக்கா.

பச்சைத்திரை:
அப்படியென்றால் 70 பாலிசிக்கு 140 நொடி, 120 பாலிசிக்கு 240 நொடி. உங்கள் பிழை எனக்கு இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

டிபி2 பக்கம் ஐடிடிஎச்டிஓஐஎன் என்று ஒரு அளவுரு உண்டு. வெளியிலிருந்து வந்த த்ரெட் (ஒரு இணைப்புக்காக ஓடும் வேலை) ஒன்று வேலையைப் பாதியில் வைத்துக்கொண்டு இவ்வளவு நொடி பேசாமல் இருந்தால் அதை வெட்டிவிடும். டிஃபால்ட் 120 நொடி. ஆனால் டிபி2 இதை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறைதான் சோதிக்கும். அதனால்தான் 140 நொடி ஓடும் குழு சில நாள் தப்பிக்கிறது, 240 நொடி ஓடுவது தப்புவதில்லை.

‘லூப் முழுக்க ரெக்கார்டுகளைப் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம், எங்கே பேசாமல் இருந்தோம்’ என்று கேட்பீர்கள். படிப்பது உங்கள் செயலியின் நினைவகத்திலிருந்து. படிப்பதற்கு மட்டுமான கர்சர் (கேள்வியின் விடையை வரிசையாகப் படிக்கும் கருவி) என்றால் டிபி2 ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பாது, 32 கேபி அளவில் மொத்தமாக அள்ளி அனுப்பிவிடும். உங்கள் ரெக்கார்டு 200 பைட் என்று வைத்தால் 120 ரெக்கார்டும் 24 கேபிதான், ஒரே நடையில் வந்து சேர்ந்துவிடும். அதற்கப்புறம் நான்கு நிமிடம் நீங்கள் சிஐசிஎஸ்ஸோடு பேசுகிறீர்கள். டிபி2-வுக்கு அது தெரியாது. கமிட் போடாமல் ஒருவர் எழுந்து போய்விட்டார் என்றுதான் அது நினைக்கும். லூப்புக்குள் விழாமல் முதல் அப்டேட்டில் விழுவதும் இதனால்தான்.

மற்றவர்களுக்கு மந்தமாவது வேறு விஷயம். வெப்ஸ்பியர் பூலின் பர்ஜ் பாலிசி ‘என்டயர்பூல்’ என்று இருந்தால் ஒரு இணைப்பு கெட்டதும் மொத்தப் பூலையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கட்டும்.

ஊகத்தில் புரோகிராமைத் திருத்தாதீர்கள். அங்கே உள்ள டிபிஏவிடம் (டேட்டாபேஸ் நிர்வாகி), பிழை வந்த நேரத்தைச் சொல்லி, டிபி2 மாஸ்டர் லாக்கில் டிஎஸ்என்எல்027ஐ செய்தி இருக்கிறதா, ரீசன் கோடு 00டி3003பி-யா என்று கேளுங்கள். அந்தக் கோடு இருந்தால் வேறு சந்தேகமே வேண்டாம்.

தரமணி_ஜாவா:
நேற்று மாலை 6.30-க்கு, அங்கே காலை 9 மணிக்கு, டிபிஏவைப் பிடித்தேன். நீங்கள் சொன்ன அதே செய்தி, அதே 00டி3003பி! மூன்று நாளாக ஜாவா லாக்கையே புரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

லூப்புக்கு முன்னால் ஒரு கமிட் சேர்த்துப் பார்த்தேன். ஆனாலும் விழுகிறது. ஐடிடிஎச்டிஓஐஎன்-ஐ 600 ஆக்கச் சொல்லிக் கேட்கலாமா?

பச்சைத்திரை:
வேண்டாம். அந்த அளவுரு டிபி2 சப்சிஸ்டம் முழுவதற்கும் பொது. அதை ஏற்றினால் வேறு யாரோ மறந்துவிட்டுப்போன த்ரெட்டும் பூட்டுகளைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கும். புரொஃபைல் டேபிள் வழியாக உங்கள் செயலிக்கு மட்டும் தனி எல்லை வைக்க முடியும்தான். ஆனால் அந்த நான்கு நிமிடமும், ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய வெளி த்ரெட்டுகளின் எல்லையான மேக்ஸ்டிபேட் கணக்கில் ஒரு இடத்தை நீங்கள் அடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கமிட் போட்டும் விழுவதற்குக் காரணம், கேள்விக்கு வந்த விடையான ரிசல்ட்செட்டைத் திறந்தே வைத்திருக்கிறீர்கள். நீங்கள் பயன்படுத்தும் ஜேடிபிசி டிரைவரான ஜேசிசியில் கர்சர் டிஃபால்ட்டாகவே கமிட்டைத் தாண்டியும் திறந்திருக்கும். அப்படித் திறந்த கர்சர் இருக்கும்வரை த்ரெட் ஓய்வு நிலைக்குப் போகாது, கடிகாரமும் நிற்காது.

முதலில் பாலிசிகளை ஒரு லிஸ்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ரிசல்ட்செட், ஸ்டேட்மென்ட் இரண்டையும் மூடி, கமிட் போட்டு, இணைப்பைப் பூலுக்குத் திருப்பிக் கொடுங்கள். அதன் பிறகு சிஐசிஎஸ்ஸைக் கூப்பிடுங்கள். கணக்கு எல்லாம் வந்ததும் புதிதாக ஒரு இணைப்பு எடுத்து எழுதுங்கள்.

தரமணி_ஜாவா:
இடைவெளியில் வேறு யாராவது பாலிசியை மாற்றிவிட்டால்?

பச்சைத்திரை:
இப்போதும் அந்த ஆபத்து இருக்கிறதே தம்பி. கர்சர் ஸ்டெபிலிட்டி என்ற பூட்டு முறையில் மொத்தமாக அள்ளி வந்த ரெக்கார்டுகளுக்கு அங்கே பூட்டு எதுவும் நிற்பதில்லை. கடைசியாக மாற்றிய நேரத்தையும் சேர்த்துப் படியுங்கள். அப்டேட்டின் ‘வேர்’ நிபந்தனையில் அதே நேரத்தை வையுங்கள். மாறிய எண்ணிக்கை 0 என்று வந்தால் அந்தப் பாலிசியை மட்டும் திரும்பப் படித்துக் கணக்குப் போடுங்கள்.

ஆவடி_நெட்வொர்க்:
ஃபயர்வால் பக்கம் இழுத்துவிட்டேன், மன்னிக்கவும். நானும் இன்று கற்றுக்கொண்டேன்.

தரமணி_ஜாவா:
அக்கா சொன்னபடி மாற்றி, 150 பாலிசி உள்ள குழுவை ஐந்து முறை ஓட்டிவிட்டேன். ஒருமுறைகூட விழவில்லை. டெஸ்டில் ஏன் வரவில்லை என்பதும் புரிந்தது: அங்கே இருந்த மிகப் பெரிய குழுவில் 12 பாலிசிதான். இப்போது 150 உள்ள ஒரு குழுவை அங்கேயும் ஏற்றியிருக்கிறேன். ரொம்ப நன்றி அக்கா.

அம்பத்தூர்_வாஸ்:
ஈசிஐ அழைப்பின் எக்ஸிக்யூட் டைம்அவுட்டையும் பாருங்கள். டிஃபால்ட் 0, அதாவது எல்லையே இல்லை. கோபோல் புரோகிராம் தொங்கினால் உங்கள் ஜாவா த்ரெட்டும் சேர்ந்து தொங்கும். அப்புறம், பாலிசிக்கு ஒரு அழைப்பு என்பதை இருபதுக்கு ஒன்று என்று கூட்டி அனுப்ப முடியுமா என்று கோபோல் குழுவிடம் கேளுங்கள். சிஐசிஎஸ்ஸுக்குத் தகவல் அனுப்பும் காம்ஏரியாவின் 32 கேபி எல்லைக்குள் அடங்கினால் போதும்.

தரமணி_ஜாவா:
டைம்அவுட்டை 30 நொடியாக வைத்துவிட்டேன். இருபது பாலிசி விஷயத்தை இன்று மாலை 6.30 அழைப்பில் கேட்கிறேன்.