புதுப்பிப்பு: 1917 லூகர் பிஸ்டல், நேரில் பார்த்தாச்சு

டெக்சாஸில் ஒருவர் விற்கும் முதல் உலகப்போர்க் கால லூகர் பி08-ஐ (ஜெர்மன் ராணுவக் கைத்துப்பாக்கி) வாங்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். "எல்லா எண்ணும் பொருந்தும், ஒரிஜினல் பூச்சு" என்பது அவர் சொன்னது; அதாவது பாகங்களில் உள்ள எண்கள் ஒன்றே, உலோகத்தின் மேல்பூச்சும் தொழிற்சாலையில் போட்டதே. நேற்று கையில் எடுத்துப் பார்த்தேன்.

முதலில் மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றி, சேம்பர் (சுடுவதற்கு முன் தோட்டா இருக்கும் அறை) காலி என்று உறுதி செய்துகொண்டேன். அப்புறம் எண்கள். முழு சீரியல் எண் ஃபிரேமில் (துப்பாக்கியின் உடல்பகுதி) இருக்கிறது; அதன் கடைசி இரண்டு இலக்கம் பக்கத் தகடு, ட்ரிகர் போன்ற சின்னப் பாகங்களிலும் அப்படியே இருக்கிறது. மேகசின்தான் வேறு. மர அடிப்பகுதியில் குத்தியிருக்கும் எண் பிஸ்டலுடையது இல்லை.

பெரிய சிக்கல் பூச்சில். அந்தக் கால லூகரில் ட்ரிகரும் சேஃப்டி லீவரும் வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டும். தேய்ந்தால் சாம்பல் நிறமாகும், நீலமாகாது. இதில் இரண்டுமே பளபளக்கும் கருநீலம். பேரல் மேல் லென்ஸ் வைத்துப் பார்த்தால், துருக்குழிகளுக்கு உள்ளேயும் அதே நீலம்; பழைய பூச்சாக இருந்தால் துருப்பிடித்த இடத்தில் போயிருக்கும். உலோகத்தில் குத்திய கிரீட வடிவச் சோதனை முத்திரைகளின் ஓரம் மழுங்கியிருக்கிறது. பாலிஷ் போட்டு மறுபடி நீலம் ஏற்றியிருக்கிறார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை.

சட்டம் பற்றிக் கேட்டவர்களுக்கு: அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898 வரை செய்ததுதான் 'ஆன்டிக்', அதாவது துப்பாக்கி விதிகளில் விலக்கு உள்ள பழம்பொருள். இது அதில் வராது, துப்பாக்கிகளுக்கான சட்டம் இதற்கும் பொருந்தும்.

மறுபூச்சு போட்ட துப்பாக்கிக்கு உரிய விலையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஒத்துக்கொண்டால் வாங்குவேன், எண்கள் பொருந்தும் 1917 துப்பாக்கி, கைவிட மனசில்லை.