ஓ-ஐ-ஆர் என்று முடியும் ஆங்கில வார்த்தைகள்: 'காயர்' ஆங்கிலமா இல்லையா?

ஈத்தாமொழிக்காரி:
வணக்கம். மகள் ஏழாம் வகுப்பு. ஓ, ஐ, ஆர் என்று முடிகிற ஆங்கில வார்த்தை பத்து எழுதி, அர்த்தமும் எழுதிக்கொண்டு வரச் சொல்லி வீட்டுப்பாடம். அவள் யாரையும் கேட்காமல் முதலில் எழுதியது சி-ஓ-ஐ-ஆர், ஏனென்றால் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிற தும்பு (தென்னை நார்) ஆலை போர்டில் அதுதான் பெரிதாக எழுதியிருக்கிறது, தினமும் பஸ்ஸுக்கு நிற்கும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். இரண்டாவது சி-எச்-ஓ-ஐ-ஆர், சபையில் அவள் பாடுகிற குயர். வகுப்பில் வாசிக்கச் சொன்னதும் இரண்டையும் "குயர், குயர்" என்று வாசித்திருக்கிறாள், ஒரே சிரிப்பாம். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, முதல் வார்த்தையைச் சிவப்பு மையால் அடித்து "இது ஆங்கிலம் இல்லை" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளை ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. என் மாமனார் நாற்பது வருஷம் கயிறு ராட்டோடு கிடந்தவர், "அது நம்ம கயிறுதானே மக்கா, அவங்களுக்கு என்ன தெரியும்" என்று அவர் பங்குக்குக் கொதிக்கிறார்.

அது ஆங்கிலமா இல்லையா, எப்படி வாசிக்க வேண்டும்? மற்ற வார்த்தைகளும் தெரிந்தால் சொல்லுங்கள். எனக்கு ரிசர்வாயர் மட்டும்தான் ஞாபகம் வருகிறது, அதுவும் பேச்சிப்பாறை அணை புண்ணியத்தில்.

தக்கலை பழைய வாத்தியார்:
ஆங்கிலம்தான் அம்மா, எந்த ஆங்கில அகராதியைத் திறந்தாலும் இருக்கும். அதுவும் போதாது என்றால் 1953-இல் நாடாளுமன்றம் தென்னை நார்த் தொழிலுக்கென்றே ஒரு சட்டம் போட்டது, அதன் ஆங்கிலப் பெயரிலேயே இந்த வார்த்தை இருக்கிறது, காயர் போர்டு வந்ததும் அந்தச் சட்டத்தால்தான். சிவப்பு மை போட்டவரிடம் இதைச் சண்டையாக இல்லாமல் சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள்.

உச்சரிப்பு 'காயர்'. ஆயில், காயின் என்று சொல்லும்போது வருகிற அதே 'ஆய்'. சபையில் பாடுவது 'க்வயர்', அது டயரோடும் ஃபயரோடும் எதுகையாகப் போகும். ஒரு எச் கூடினதற்கு இவ்வளவு வித்தியாசமா என்று பிள்ளை கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

மற்றவை எல்லாம் பிரெஞ்சிலிருந்து வந்தவை, கடைசியில் 'வார்' என்று முடியும். மெம்வார் என்றால் ஒருவர் தன் வாழ்க்கையில் கண்டதை நினைவிலிருந்து எழுதுவது. அபட்வார், ஆடுமாடு அறுக்கிற இடம். ந்வார், கறுப்பு, இருட்டும் குற்றமுமாக எடுக்கிற படங்களுக்கு அந்தப் பெயர். உங்கள் ரிசர்வாயரும் உண்மையில் 'ரெசர்வ்வார்'தான், ஆனால் கோதையாற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பிடித்தது பூட்வார். பெரிய வீட்டுப் பெண்களின் தனி அறை. பிரெஞ்சில் 'பூடே' என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, அதாவது கோபித்துக்கொண்டு போய் உட்காருகிற அறை. நாம் ஊடலுக்கென்று மருதம் என்று ஒரு திணையே வகுத்து வைத்தோம், அவர்கள் அதற்கு ரூம் கட்டியிருக்கிறார்கள்.

குளச்சல் காற்று:
சார் சொன்னது சரி, ஆனால் தாத்தாவின் 'நம்ம கயிறு' விஷயத்தில் ஒரு சிக்கல். அகராதிகளில் இதன் மூலம் மலையாளம் என்றுதான் போட்டிருக்கிறது, கயர். போர்ச்சுகீசியர் அதைக் 'கைரோ' என்று ஆக்கி வைத்திருந்தார்கள், ஆங்கிலத்துக்கும் அந்தக் கடல் வழியாகத்தான் போயிருக்கிறது. கட்டுமரத்திலிருந்து போன 'கேட்டமரான்' என்ற ஆங்கில வார்த்தைக்குத்தான் தமிழ் என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள்.

தக்கலை பழைய வாத்தியார்:
போடட்டும். கயிறு, கயர் இரண்டும் ஒரு தாய் பிள்ளைகள். 1956 நவம்பர் 1 வரை நாமும் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவர்கள்தானே, கதம்பல் (தேங்காய் மட்டை) அழுகிற நாற்றம் எல்லை பார்த்தா அடித்தது?

நோட்டுக்கடை (வடசேரி):
குயர் பற்றி யாரும் ஒன்றைச் சொல்லவில்லை. சபையில் பாடுகிற குயரை முன்பு கியூ-யு-ஐ-ஆர்-ஈ என்றுதான் எழுதினார்கள். 1662-இல் வந்த இங்கிலாந்துச் சபை ஜெப புத்தகத்திலும் அந்த எழுத்துதான். பிறகு லத்தீனில் இருக்கிற 'கோரஸ்' என்ற வார்த்தைக்குப் பொருத்தமாகத் தெரிய வேண்டும் என்று எழுத்தை மட்டும் சி-எச்-ஓ-ஐ-ஆர் என்று மாற்றிவிட்டார்கள், வாய் மாறவில்லை. அதனால்தான் எழுத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் நிற்கிறது. பாப்பா மேல் தப்பில்லை.

அந்தப் பழைய எழுத்தில் இன்னொரு குயரும் இருக்கிறது, என் கடையில் ஜூன் மாதம் முழுக்க அதே பேச்சுதான்: ஒரு குயர் நோட்டு, ரெண்டு குயர் நோட்டு. அது வேறு வார்த்தை, நாலு தாளை மடித்துச் சேர்ப்பது என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இப்போது 24 அல்லது 25 தாள் ஒரு குயர், 20 குயர் ஒரு ரீம். கணக்கு தெரியாமல் "சின்னதா ஒரு குயர் கொடுங்க" என்று கேட்கிறவர்களும் உண்டு.

பத்து வேண்டும் என்றால் கடைசியில் ஓர் ஈ சேர்க்க விடுவார்களா என்று கேளுங்கள். ரெபெர்ட்வார் கிடைக்கும்: குயருக்குப் பாடத் தெரிந்த பாட்டுகளின் மொத்தக் கையிருப்பு. அர்ம்வார் கிடைக்கும்: பெரிய துணி அலமாரி. நம் அலமாரி போர்ச்சுகீசியர் விட்டுப்போனது, இரண்டுக்கும் லத்தீனில் ஒரே தாத்தா.

ஈத்தாமொழிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. ஏழு தேறியது, ஈ சேர்த்து ஒன்பது. பத்தாவதை அவளே தேடட்டும். முதல் வார்த்தையை மறுபடி எழுதி, பக்கத்தில் மாமனாரிடம் ஒரு முழத் துண்டு கயிறு வாங்கிப் பசை போட்டு ஒட்டியிருக்கிறாள், அடித்தால் இதையும் அடிக்கட்டும் என்கிறாள். பூட்வாருக்கு அர்த்தம் சத்தமாக வாசித்தபோது மாமனார் ராட்டுக் கதையை நிறுத்திவிட்டு, "அதுக்கு எதுக்கு தனியா ஒரு ரூம், உங்க அத்தை அடுப்படியிலேயே நடத்துவாளே" என்றார். அத்தைக்குக் கேட்டுவிட்டது. இன்று ராத்திரி சாப்பாடு எப்படி என்று நாளை வந்து சொல்கிறேன்.